டோனட் வாங்கறது, பண்றது, பங்கு போடறது: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

நாலு பேர் கூடுற இடம்னா டோனட் பொறுப்பு எப்படியோ என் தலையிலதான் விழுது. அதனால ஒரே சந்தேகம் வேற வேற வாயிலேர்ந்து வந்துட்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து சொல்றதுக்கு பதிலா எழுதி வச்சுட்டா கேக்கறவங்களுக்கு இதையே அனுப்பிடலாம்ல. கேள்வி எல்லாம் அவங்க கேட்ட மாதிரியேதான் இருக்கு, பதில் மட்டும் என்னோடது. எல்லா பதிலுக்கும் அடியில ஒரே விஷயம்தான் ஓடும்: டோனட் அன்னன்னைக்கே தீர்க்க வேண்டிய பண்டம், மத்த முடிவெல்லாம் அதுலேர்ந்துதான் வரும்.

டோனட்னா எல்லாம் ஒண்ணுதானே, மேல இருக்கற கலர்தானே வேற?

இல்லைங்க, உள்ள மாவே ரெண்டு வகை. ஒண்ணு ஈஸ்ட் போட்டு உப்ப வைக்கிறது, லேசா, பஞ்சு மாதிரி, கையில எடுத்தா எடையே தெரியாது. இன்னொண்ணு பேக்கிங் பவுடர் போட்டு பண்றது, கேக் டோனட்னு சொல்லுவாங்க, வெளிய மொறுமொறுன்னு உள்ள கெட்டியா இருக்கும். கிளேஸ் (பளபளன்னு இருக்கற சர்க்கரைப் பூச்சு), சாக்லேட், ஸ்ப்ரிங்கிள்ஸ் (கலர் கலரா தூவற மிட்டாய்த் துணுக்கு) எல்லாம் ரெண்டு மேலயும் வரும், அதனாலதான் பார்க்க ஒண்ணா தெரியுது.

இந்த வித்தியாசத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ பாதி கேள்விக்கு இதுதான் பதில். காபில முக்கி சாப்பிடற ஆளுன்னா கேக் வகை வாங்குங்க, ஈஸ்ட் வகை முக்கினா நனைஞ்சு தொங்கி கப்புக்குள்ளயே விழுந்துடும்.

நடுவுல எதுக்கு ஓட்டை, மாவு மிச்சம் பண்ணவா?

வேகறதுக்குத்தான். முழு வட்டமா போட்டா ஓரம் சிவந்து வர்றப்போ நடு பச்சையா நிக்கும், ஓட்டை போட்டா எண்ணெய் உள்பக்கமும் படும், சீரா வேகும். அமெரிக்கால மெய்ன் பகுதியைச் சேர்ந்த ஹான்சன் கிரெகரிங்கற கப்பல்காரர், 1847ல நான்தான் முதல்ல ஓட்டை போட்டேன்னு பிற்காலத்துல சொல்லியிருக்கார். அவர் சொன்னதுதான், வேற யாரும் கூட நின்னு பார்க்கல.

ஜாம், கிரீம் வச்சதுக்கு ஓட்டை இருக்காது, இருந்தா உள்ள எதை வைக்கிறது. ஓட்டைலேர்ந்து வர்ற குட்டி உருண்டையையும் பொரிச்சு எடுக்கலாம், பசங்க இருக்கற வீட்டுல அதுதான் முதல்ல காலியாகும்.

பத்து பேர் வர்றாங்க, எத்தனை வாங்கணும்?

டோனட் மட்டும்தான் வைக்கப் போறீங்கன்னா தலைக்கு ஒண்ணரை, அதாவது பத்து பேருக்கு பதினஞ்சு. சாப்பாடு முடிஞ்சப்புறம்னா பத்தே தாராளம், வெட்டி வச்சா எட்டு கூட போதும் (வெட்டறதைப் பத்தி கீழ தனியா இருக்கு). எல்லாரும் நிறைய இருக்கட்டும்னு நினைச்சு டப்பா டப்பாவா வாங்குவாங்க, ஆனா மீந்த டோனட் மறுநாள் யாருக்கும் வேண்டாம்.

வகையும் நிறைய வேண்டாம்ங்கறது என் கட்சி. பன்னெண்டுல பன்னெண்டு வகை வாங்கினா ஒவ்வொண்ணுலயும் ஒண்ணுதான் இருக்கும், எல்லாருக்கும் அதே சாக்லேட்தான் வேணும்னு அங்கேயே சண்டை. மூணு வகை, ஒவ்வொண்ணுலயும் நாலு, அதுல ஒண்ணு கண்டிப்பா சும்மா கிளேஸ் போட்டது. பெரியவங்க கை நேரா அதுக்குத்தான் போகும்.

காலைல வாங்கி சாயங்காலம் வச்சா ஓகேவா? ஃபிரிட்ஜ்ல வச்சா நல்லா இருக்கும்ல?

காலைல வாங்கினது சாயங்காலம் வரைக்கும் தாங்கும், ஆனா ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க. நிறைய பேர் நம்ப மாட்டேங்கறாங்க. மாவுல இருக்கற ஸ்டார்ச் வெந்தப்போ தண்ணியை இழுத்து மெத்துனு ஆகியிருக்கும், ஆறினப்புறம் அது மெதுவா திரும்ப இறுகும், அந்த இறுக்கம் வெளிய இருக்கறதைவிட ஃபிரிட்ஜ் குளிர்ல வேகமா நடக்கும். பிரெட்டுக்கும் இதே கதைதான். ஈஸ்ட் வகை முதல்ல போகும், கேக் வகை இன்னும் ஒரு நாள் இழுக்கும், வெண்ணெயும் முட்டையும் கூட இருக்கறதால.

ஆனா உள்ள கஸ்டர்ட், ஃப்ரெஷ் கிரீம், சீஸ் இருந்தா பேச்சே வேற, அது கெட்டுப்போற சாமான். வெளிய மொத்தமா 2 மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாது, ஃபிரிட்ஜ்தான், மாவு இறுகினாலும் பரவாயில்ல வயிறு முக்கியம். ஜாம் வச்சதுக்கு இந்த பயம் இல்ல, சர்க்கரை அதிகம், வெளியவே வைக்கலாம்.

வெளிய வைக்கறதுன்னா டப்பாவை தட்டையா வைங்க, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க. சூடா இருக்கறப்போ இறுக்க மூடினா உள்ள வேர்த்து கிளேஸ் பிசுபிசுன்னு ஆகிடும்.

மிஞ்சிப் போச்சு, நாளைக்கு என்ன பண்றது?

ஈஸ்ட் வகை கிளேஸ் போட்டது: மைக்ரோவேவ்ல 8லேர்ந்து 10 செகண்ட், அதுக்கு மேல ஒரு செகண்டும் வேண்டாம், ரப்பரா இழுக்கும். இறுகின ஸ்டார்ச் சூட்டுல திரும்ப தளரும், அதனால கொஞ்ச நேரம் புதுசு மாதிரியே இருக்கும், உடனே சாப்பிட்டுடணும், ஆறினா முன்னைவிட மோசம். கேக் வகைன்னா ஏர் ஃப்ரையர்லயோ ஓவன்லயோ 175 டிகிரி செல்சியஸ்ல ரெண்டு மூணு நிமிஷம், வெளிப்பக்கம் மொறுமொறுப்பு திரும்பி வரும். சாக்லேட் பூசினதை இதுல போட்டா ட்ரே கழுவற வேலைதான் மிச்சம்.

ஜாம் வச்சதை சூடு பண்ணினா ஒரு நிமிஷம் பொறுங்க, வெளிய வெதுவெதுப்பா இருந்தாலும் உள்ள ஜாம் நாக்கை சுடற அளவுக்கு இருக்கும். நாளைக்கும் யாரும் வரப் போறதில்லைன்னு தெரிஞ்சா அன்னைக்கு ராத்திரியே ஃப்ரீசர்ல போட்டுடுங்க, எதுவும் பூசாததுன்னா ரெண்டு மாசம் நல்லாவே இருக்கும்.

வீட்ல பண்ணினா மட்டும் ஏன் இவ்ளோ எண்ணெய் குடிக்குது?

பத்துக்கு எட்டு தடவை சூடு பத்தலங்கறதுதான் காரணம். எண்ணெய் 175லேர்ந்து 190 டிகிரி செல்சியஸுக்குள்ள இருக்கணும், ஈஸ்ட் வகைக்கு கொஞ்சம் கீழ, கேக் வகைக்கு கொஞ்சம் மேல. சரியான சூட்டுல போட்டா மாவுல இருக்கற தண்ணி ஆவியாகி வெளிய தள்ளிட்டே இருக்கும், அதுதான் நாம பார்க்கற குமிழி, அது வெளிய வர்ற வரைக்கும் எண்ணெய் உள்ள போக வழியில்ல. சூடு கம்மின்னா வேக நேரம் எடுக்கும், மேல் தோலும் சட்டுனு பிடிக்காது, எண்ணெய் ஊறும். ரொம்ப சூடுன்னா நேர் எதிர், வெளிய கருகும் உள்ள மாவா இருக்கும்.

சூடு சரியா வச்சு ஆரம்பிச்சுட்டு வாணலி நிறைய ஒரேடியா ஆறு போட்டா சூடு தடால்னு இறங்கிடும், ரெண்டு மூணா போடுங்க, நடுவுல எண்ணெய் திரும்ப ஏற விடுங்க. எண்ணெய் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க, டோனட் விஷயத்துல கண்ணளவு, கையளவு எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்ல. எடுத்தவுடனே கம்பி ரேக்ல வடிய விடுங்க, தட்டுல குவிச்சா கீழ இருக்கறது மறுபடி எண்ணெயிலேயே உக்காந்திருக்கும்.

இன்னொண்ணு, ஈஸ்ட் மாவு சரியா உப்பியிருக்கான்னு பாருங்க. விரலால லேசா அழுத்தினா பள்ளம் மெதுவா பாதி மேல வரணும். சட்டுனு வந்தா இன்னும் நேரம் இருக்கு, வரவே இல்லன்னா நேரம் தாண்டிடுச்சு. நல்லா உப்பினது எண்ணெயில பாதி மேல மிதக்கும், அதனால ரெண்டு பக்கமும் சிவந்து நடுவுல வெள்ளையா ஒரு வளையம் நிக்கும், அந்த வளையம் தெரிஞ்சா நீங்க பாஸ்.

எல்லாரும் காலைல எந்திரிக்கறப்போ சூடா இருக்கணும், அதுக்கு நான் ராத்திரி பூரா முழிச்சிருக்கணுமா?

வேண்டவே வேண்டாம். ஈஸ்ட் மாவை ராத்திரி பிசைஞ்சு எண்ணெய் தடவின பாத்திரத்துல மூடி ஃபிரிட்ஜ்ல வச்சிடுங்க. டோனட்டை வைக்காதீங்கன்னு மேல சொன்னது வெந்ததுக்கு, பச்சை மாவுக்கு ஃபிரிட்ஜ் நல்லது. குளிர்ல ஈஸ்ட் மெதுவா வேலை செய்யும், மணமும் கூடும், வெண்ணெய் இறுகியிருக்கறதால காலைல தேய்க்கவும் வெட்டவும் சுலபம். ஆனா வெட்டினப்புறம் குளிர் விட்டு உப்ப ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஆகலாம், அதைக் கணக்குல வச்சு யாராவது ஒருத்தர் முன்னாடி எந்திரிச்சுத்தான் ஆகணும்.

பசங்களும் சேர்ந்து பண்ணணும்னு அடம், எதை அவங்ககிட்ட விடலாம்?

வெட்டறது, உருண்டை எடுக்கறது, கிளேஸ்ல முக்கறது, ஸ்ப்ரிங்கிள்ஸ் கொட்டறது, எல்லாம் அவங்களுக்கே. பொரிக்கறது மட்டும் பெரியவங்க, அடுப்புகிட்ட பசங்க வரவே கூடாது. ஒரு மேஜைல மூணு கிண்ணம், ஒண்ணுல கிளேஸ், ஒண்ணுல உருக்கின சாக்லேட், ஒண்ணுல பட்டைப்பொடி கலந்த சர்க்கரை, அடியில பழைய பேப்பர் விரிச்சு விட்டுட்டா ஒரு மணி நேரம் நிம்மதி. அசிங்கமா வரும், வரட்டும், அவங்க பண்ணினதை அவங்களே சாப்பிடுவாங்க. ரொம்ப சின்னப் பசங்க இருந்தா மேல முழு நட்ஸ் போடாதீங்க, தொண்டையில அடைக்கும்.

எண்ணெய் பாத்திரத்துல பாதிக்கு மேல வேண்டாம். தப்பித் தவறி தீப்பிடிச்சா அடுப்பை அணைச்சு மூடியால மூடுங்க, தண்ணி ஊத்தவே கூடாது, பாத்திரத்தை தூக்கிட்டு ஓடவும் கூடாது.

மேல தூவின சர்க்கரை ஏன் உருகி ஒழுகிடுது?

எந்த சர்க்கரை எப்போ போடணும்ங்கறது மாறிப் போனா இப்படி ஆகும். சாதா சர்க்கரையை டோனட் சூடா இருக்கறப்பவே புரட்டணும், ஆறினா ஒட்டாது. பொடிச்ச ஐசிங் சுகர் நல்லா ஆறினப்புறம், அதுவும் பரிமாறப் போற நேரத்துல மட்டும், இல்லன்னா ஈரத்தை இழுத்து பத்து நிமிஷத்துல காணாம போயிடும். கடைல வாங்கறது மணிக்கணக்கா வெள்ளையாவே இருக்கேன்னா, அது பெரும்பாலும் டெக்ஸ்ட்ரோஸ்ங்கற சர்க்கரைல கொஞ்சம் கொழுப்பும் ஸ்டார்ச்சும் சேர்த்து செஞ்ச உருகாத பொடி.

கிளேஸ்ல முக்கறதுக்கு கை பொறுக்கற சூடு போதும், கொதிக்கக் கொதிக்க முக்கினா வழிஞ்சிடும், ஆறினதை முக்கினா தடியா உக்காரும்.

டோனட்டுக்கெல்லாம் சீசன் இருக்கா என்ன? எப்போ வேணா கிடைக்குதே?

கிடைக்குது, ஆனா இது வளர்ந்ததே பண்டிகை பலகாரமாத்தான். கிறிஸ்தவங்க ஈஸ்டருக்கு முன்னாடி இருக்கற தவக்காலத்துல ஒரு காலத்துல கொழுப்பு, முட்டை எல்லாம் ஒதுக்கி வச்சாங்க, அப்போ வீட்ல இருக்கறதை அதுக்கு முன்னாடியே தீர்த்தாகணும், என்ன பண்றது, மாவைப் பிசைஞ்சு கொழுப்புல பொரிச்சு ஊரோட சேர்ந்து சாப்பிட்டாங்க. போலந்துல தவக்காலத்துக்கு முந்தின கடைசி வியாழக்கிழமை, அதுக்குப் பேரே கொழுப்பு வியாழன், ரோஜா ஜாம் வச்ச போன்ச்கிங்கற டோனட்டை அன்னைக்கு ஊரே சாப்பிடும். ஹவாய்ல போர்ச்சுகல்காரங்க கொண்டு போன மலசாடா, அதுக்கு ஓட்டை கிடையாது, தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. அமெரிக்கால பென்சில்வேனியா ஜெர்மன் வம்சாவளிக்காரங்களுக்கும் அதே செவ்வாய், அவங்க ஃபாஸ்னாக்ட்னு ஒண்ணு பொரிப்பாங்க.

யூதர்களோட ஹனுக்கா காரணமே வேற. கோயில் விளக்குல ஒரு நாளைக்கு மட்டும் இருந்த எண்ணெய் 8 நாள் எரிஞ்சதுன்னு கொண்டாடற பண்டிகை, அதனால எண்ணெயில பொரிச்சதுக்கு மரியாதை, ஜாம் வச்ச சுஃப்கானியா இஸ்ரேல்ல அந்த சமயம் எங்க பார்த்தாலும் இருக்கும். நெதர்லாந்துல வருஷக் கடைசி ராத்திரி ஓலிபோலன், திராட்சை போட்ட உருண்டை. அமெரிக்கால இலையுதிர் காலத்துல ஆப்பிள் தோட்டத்துல ஆப்பிள் சைடர் (அங்க வடிகட்டாத ஆப்பிள் ஜூஸுக்கு அதான் பேரு) ஊத்தின கேக் டோனட். ஜூன் மாசம் முதல் வெள்ளிக்கிழமை டோனட் தினம்னு வர்றது விளம்பரத்துக்கு ஆரம்பிச்சது இல்ல, முதல் உலகப் போர்ல பிரான்ஸ்ல சிப்பாய்களுக்கு டோனட் பொரிச்சுக் குடுத்த பெண்களை கௌரவிக்க 1938ல சிகாகோல சால்வேஷன் ஆர்மிங்கற கிறிஸ்தவ சேவை அமைப்பு ஆரம்பிச்சது.

கவனிச்சீங்கன்னா இதுல எதுவும் எடுத்து வச்சு சாப்பிடற பண்டம் இல்ல. நாள் குறிச்சு, ஆள் சேர்த்து, அன்னைக்கே காலி பண்றதுதான், ஏன்னா மறுநாள் அது நல்லா இருக்காது. முறுக்கிப் பிழிஞ்ச பலகாரம் மாதிரி வாரக்கணக்கா தாங்கியிருந்தா இதுக்கு தனியா ஒரு நாள் வச்சிருக்கவே மாட்டாங்கன்னு எனக்குத் தோணும்.

சீசனுக்கு மட்டும்னு லிமிடெட் எடிஷன் விடறாங்களே, க்யூல நின்னு வாங்கணுமா?

பெரும்பாலும் உள்ள மாவு அதேதான், மேல கலரும் பேரும் மாறியிருக்கும். உள்ள ஃபில்லிங்கோ மாவோ மாறியிருக்கான்னு கேளுங்க, மாறியிருந்தா ஒரு தடவை ட்ரை பண்ணலாம். பூசணி மசாலான்னு வர்றது பல சமயம் பட்டை, இஞ்சி, கிராம்பு, ஜாதிக்காய் மணம்தான், அதை வீட்டு டோனட்லயும் போடலாம். சாதா கேக் டோனட் மாவுலயே கொஞ்சம் ஜாதிக்காய் துருவிப் போட்டுப் பாருங்க, கடை வாசனை எங்கேர்ந்து வந்துச்சுன்னு புரியும்.

ஆனா க்யூவே ஜாலியா இருக்கற ஃப்ரெண்ட்ஸ் கூட போறீங்கன்னா தாராளமா நில்லுங்க, அது வேற கணக்கு.

ஒரு டோனட்ல மட்டும் கடுகு வச்சு குடுப்பாங்களாமே, நாங்களும் பண்ணலாமா?

நிஜம்தான், ஜெர்மனில புது வருஷத்துக்கு முந்தின ராத்திரி ஜாம் டோனட் தட்டுல ஒண்ணுல மட்டும் கடுகு பேஸ்ட் வச்சு கலந்து விடற விளையாட்டு உண்டு. யாருக்கு வருதோ அவங்க மூஞ்சியைப் பார்த்து சிரிக்கறதுக்கு. பண்ணலாம், ஆனா ஒண்ணு இருக்குன்னு முன்னாடியே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க, கடுகு அலர்ஜி நிஜமாவே சிலருக்கு உண்டு, சொல்லாம வைக்கறது விளையாட்டு இல்ல. தெரிஞ்சுட்டு எடுக்கறப்பதான் ஒவ்வொருத்தரும் முகர்ந்து, அமுக்கிப் பார்த்து எடுப்பாங்க, பாதி சிரிப்பு அங்கேயே வந்துடும்.

எங்க வீட்ல சிலர் முட்டை கூட சாப்பிட மாட்டாங்க, கடைல என்னனு கேக்கறது?

மூணு கேள்வி கேளுங்க. மாவுல முட்டை இருக்கா? எதுல பொரிக்கறீங்க, ஏன்னா பழைய முறையில பன்றிக் கொழுப்புல பொரிக்கற டோனட் இன்னும் இருக்கு. மேல மார்ஷ்மெல்லோவோ ஜெலட்டின் (மிருகத் தோல், எலும்புலேர்ந்து எடுக்கறது) கலந்த கிளேஸோ இருக்கா? மூணுக்கும் சரின்னு வந்தாலும் ஒரே எண்ணெயிலதான் எல்லாத்தையும் பொரிச்சிருப்பாங்க, அது உங்க வீட்டுக்காரங்களுக்கு பரவாயில்லையான்னு நீங்கதான் கேட்டுக்கணும். அலர்ஜிக்காக கேக்கறீங்கன்னா இந்த பொது எண்ணெய் விஷயத்தை லேசா எடுத்துக்காதீங்க, கோதுமை, பால், முட்டை, சோயா, நட்ஸ் எல்லாம் ஒரே கிச்சன்ல புழங்குது.

வீட்ல பண்றதுன்னா ஈஸ்ட் வகையை முட்டை இல்லாம பண்றது சுலபம், பாலும் கொஞ்சம் தயிரும் போதும். கேக் வகைலதான் முட்டை இல்லன்னா உதிரும்.

பொரிக்காம ஓவன்ல பேக் பண்ணினா சுகர் இருக்கறவங்களும் சாப்பிடலாம்ல?

இங்கதான் நிறைய பேர் குழப்பிக்கறாங்க. பேக் பண்ணினா குறையறது எண்ணெய், சர்க்கரையும் மைதாவும் அப்படியேதான் இருக்கு. கிளேஸ் போட்ட ஈஸ்ட் டோனட் ஒண்ணு, சுமார் 60 கிராம், 250 கலோரி பக்கம் வரும். உலக சுகாதார நிறுவனம் சேர்க்கற சர்க்கரையை மொத்த கலோரில 10 சதவீதத்துக்குள்ள வைக்கச் சொல்லுது, 5 சதவீதம்னா இன்னும் நல்லதுன்னு, அது பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 25 கிராம். ஒரு டோனட்லயே அதுல பாதி போயிடும், கிரீமும் சாக்லேட்டும் இருந்தா அதுக்கும் மேல.

சுகர் இருக்கறவங்க எவ்ளோ சாப்பிடலாம்ங்கறது அவங்களும் அவங்க டாக்டரும் முடிவு பண்ண வேண்டியது, நானோ நீங்களோ இல்ல. நாம பண்ணக்கூடியது சின்ன சைஸும் பூச்சு இல்லாததும் தட்டுல இருக்க வைக்கறது. ருசி விஷயமா கேட்டா, பேக் பண்ணினது டோனட் வடிவத்துல இருக்கற கேக், கேக்னு நினைச்சு சாப்பிட்டா நல்லாவே இருக்கும்.

வெட்டி வச்சா கஞ்சத்தனமா தெரியாதா?

முழுசா மட்டும் வச்சா பாதி பேர் "அய்யோ ஒண்ணு முழுசா வேண்டாம்"னு எடுக்கவே மாட்டாங்க, வெட்டி வச்சா அதே ஆளுங்க நாலு வகையும் ருசி பார்ப்பாங்க. என் வழி ரெண்டும்தான்: கொஞ்சம் முழுசா, கொஞ்சம் வெட்டி, பக்கத்துல ஒரு கத்தி. ரம்பப் பல் கத்தியா இருக்கணும், இல்லன்னா ஈஸ்ட் வகை நசுங்கிடும். ஜாம் வச்சதை வெட்டாதீங்க, தட்டு பூரா கொலை நடந்த மாதிரி ஆகிடும்.

கடைசி துண்டை யாரும் தொடாம அது அப்படியே காயும், அதுக்கு ஒரே மருந்து வீட்டுக்காரங்க யாராவது எடுத்து ஒருத்தர் கையில குடுத்துடறது. ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா மட்டும் ஒரு தடவைக்கு மேல கேக்காதீங்க, காரணமும் கேக்காதீங்க. சுகரா, டயட்டா, விரதமா, இல்ல சும்மா பிடிக்கலையா, கூட்டத்துல வச்சு அதை ஏன் சொல்லணும். காபி இருக்கா பாருங்க, அதைக் குடுங்க.

வெளியூர்ல இருக்கற ஃப்ரெண்டுக்கு பர்த்டேக்கு டோனட் அனுப்பலாமா?

பார்சல்ல போட்டு ரெண்டு நாள் கழிச்சு சேரப் போகுதுன்னா அனுப்பாதீங்க, ஃபிரிட்ஜ் கேள்விலயும் மிஞ்சினது கேள்விலயும் சொன்னது எல்லாம் டப்பாக்குள்ளயே நடந்து முடிஞ்சிருக்கும், கிளேஸ் பேப்பர்ல ஒட்டியிருக்கும். அவங்க ஊர்லயே டெலிவரி பண்ற கடைல ஆர்டர் போடுங்க, அதுவும் ஒரு டஜன் போட்டு தனியா இருக்கற ஆளை திண்டாட விடாம, முன்னாடியே ஒரு மெசேஜ் போட்டு அன்னைக்கு கூட எத்தனை பேர் இருப்பாங்கன்னு கேட்டுக்கோங்க, தலைக்கு ஒண்ணரை கணக்கு அங்கேயும் பொருந்தும். உங்க கையால பண்ணினதுதான் போகணும்னா பூச்சு எதுவும் இல்லாத கேக் வகையை அன்னைக்கு அந்த ஊருக்கு போற ஆள் யார்கிட்டயாவது குடுத்து விடுங்க, ஐசிங் சுகரை தனி பொட்டலமா, போனதும் அவங்களே தூவிக்கட்டும்.